விசை இளக, குதிரை பாய: திருச்சிவாசிக்கு ஒரு கைத்துப்பாக்கிக் கையேடு

வெளிநாட்டுத் துப்பாக்கிப் பிரியர்களுக்கென்று ஒரு வகை யோசனைக் கட்டுரை உண்டு. புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கியவர் அதைச் சாப்பாட்டு மேசைமேல் பிரித்துப் பரப்புவார். விசை முரடாக இருக்கிறது, குதிரை சோம்பலாக விழுகிறது என்று குறைப்படுவார். எதையோ மாற்றி, எதையோ மெருகேற்றி, சாயங்காலத்துக்குள் மறுபடி பூட்டிவிட்டுக் காப்பி குடிப்பார். படிக்கச் சுகமாக இருக்கும். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இதே காரியத்தில் இறங்க நினைப்பவருக்கு மட்டும் வழிகாட்ட ஆளில்லை. அந்தக் குறை இன்றோடு தீர்கிறது. காப்பியை மட்டும் முன்கூட்டியே குடித்துவிடுங்கள், நேரம் பிடிக்கும்.

முதலில் துப்பாக்கி வேண்டும். வெளிநாட்டுக் கட்டுரைகள் இதை ஒரு படியாகவே கணக்கில் எடுப்பதில்லை. நமக்கோ முக்கால் கையேடு இதுதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. அந்த உரிமத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. ஏ-1 என்ற படிவம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று, வீட்டில் எங்கே பூட்டி வைப்பீர்கள் என்பதற்கு உறுதிமொழி. இவை எல்லாம் திரட்டிவிடலாம். சங்கடம் ‘காரணம்’ என்ற கட்டத்தில் வரும். உங்கள் உயிருக்கு யாரால் ஆபத்து?

ஸ்ரீரங்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது கடினம். மாடிக் குடித்தனக்காரர் எட்டு மாதமாக வாடகை தரவில்லை என்பது ஆபத்து ஆகாது. பாகப்பிரிவினை வழக்கில் எதிர்க்கட்சி ஒன்றுவிட்ட தம்பி என்பதும் ஆகாது, ஏனென்றால் பாதி ஊருக்கு அப்படி ஒரு தம்பி இருக்கிறார். மொட்டைமாடியில் காயப்போட்ட வடாத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போவது ஆபத்துதான், ஆனால் உயிருக்கு இல்லை. ரொக்கம் புழங்கும் தொழில், போலீஸில் ஏற்கெனவே பதிவான மிரட்டல் என்று ஏதாவது கையில் இருந்தால் நிமிர்ந்து எழுதலாம். சினிமாவில் பார்த்ததிலிருந்து ஆசை என்று உண்மையை எழுதினால் நேர்மைக்கு மதிப்பெண் கிடைக்கும், உரிமம் கிடைக்காது.

அடுத்து விசாரணை. காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, விண்ணப்பதாரர் எப்படிப்பட்டவர் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போவார். ரகசியமாக ஆயுதம் தரிக்க நினைத்தவரின் ரகசியம் அன்றைக்கே உத்திர வீதியில் தொடங்கி, சித்திரை வீதி வழியாக, அடையவளஞ்சான் மூலை வரைக்கும் பிரதட்சிணம் போய்விடும். மறுநாள் காலை பால் வாங்கப் போகும் இடத்தில் பக்கத்து வீட்டுப் பையன் கேட்பான்.

“ஏன் மாமா, யாரைச் சுடப் போறேள்?”

“யாரையும் இல்லடா. சும்மா வெச்சிண்டிருக்கப் போறேன்.”

“சும்மா வெச்சிக்க வாக்கிங் ஸ்டிக் போறாதா?”

இந்தக் கேள்வியைத் தாங்கக்கூடியவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

உரிமம் வந்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 5 ஆண்டு செல்லும். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. எதை வாங்குவது என்பதிலும் உங்களுக்கு அதிகம் சிரமம் வைக்கவில்லை. படங்களில் கதாநாயகன் தூக்கிக்கொண்டு ஓடும் 9 மி.மீ. ரகம் பொதுமக்களுக்குத் தடை. போலீஸும் ராணுவமும் புழங்கும் அளவுகளைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், கைத்துப்பாக்கி என்ற பெயரில் சாதாரணக் குடிமகன் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் பாயிண்ட் 32. தனிநபர் புதிதாக இறக்குமதி செய்வது 1980களிலேயே அடைபட்டுவிட்டது. அதனால் தாத்தா காலத்து வெப்ளி ஸ்காட் ஒன்று கைமாறும்போது, அதன் பிறந்த தேசத்தில் யாரும் நம்பாத விலைக்குப் போகிறது. உள்நாட்டுச் சரக்கென்றால் கான்பூரின் ரிவால்வர், மேற்கு வங்கத்துத் தொழிற்சாலைகளின் பிஸ்டல். 2014இல் பெண்களுக்கென்று சொல்லி கான்பூரிலிருந்து ‘நிர்பீக்’ என்ற அரைக் கிலோ ரிவால்வர் வந்தது. விலை ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம். பெண்ணின் பாதுகாப்புக்கு அரசாங்கம் கண்ட அந்தத் தீர்வை வாங்க அந்தப் பெண் முதலில் யார் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க வேண்டும் என்று விளம்பரத்தில் சொல்லவில்லை.

ஆக, துப்பாக்கி வந்தாயிற்று. இப்போது விசையை அழுத்திப் பாருங்கள். காலி துப்பாக்கியில்தான், சுவரைப் பார்த்துத்தான், காலிதானா என்று இரண்டாம் முறை சரிபார்த்த பிறகுதான். முரடாக இருக்கிறதா? இருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். குதிரை என்பது ஸ்பிரிங்கின் பலத்தில் முன்னால் பாயத் துடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சின்னச் சுத்தியல். அதைப் பாயவிடாமல் வாசற்கதவின் கொண்டி மாதிரி ஒரு துண்டு தடுத்துப் பிடித்திருக்கிறது. விசையை இழுத்தால் கொண்டி விலகும், குதிரை பாயும், ஊசி தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரைக் குத்தும். குதிரையை முன்கூட்டியே பின்னால் இழுத்து வைத்திருந்தால் கொண்டியை விலக்கும் வேலை மட்டும்தான் விரலுக்கு, இரண்டு கிலோ அளவு இழுப்பு போதும். ரிவால்வரில் குதிரையைத் தூக்குவது, விடுவது இரண்டையுமே ஒரே இழுப்பில் விரல் செய்ய வேண்டுமென்றால் ஐந்து கிலோவை எட்டும். அந்தப் பளு வடிவமைத்தவரின் சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல. சட்டைப்பையில், இடுப்பில், பயத்தில் நடுங்கும் கையில் இருக்கும் ஒரு பொருள் தானாக வெடிக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்தது. குதிரையின் ஸ்பிரிங்கும் அப்படியே. அதை இளக்கினால் விரலுக்கு இதமாக இருக்கும், பிரைமருக்கு அடி போதாது. கடைசியில் ‘டிக்’ என்று ஓசை மட்டும் வரும். எதிரில் நிற்பவன் திருடனாக இருந்தால் அந்த ஓசை இருவருக்கும் ஒரு விதமான ஞானத்தைத் தரும்.

பளுவை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. நியூயார்க் போலீஸ் பல ஆண்டுகள் தன் ஆட்களின் பிஸ்டல்களுக்கு 12 பவுண்டு விசை வைத்திருந்தது, அதாவது சுமார் 5.4 கிலோ. தவறுதலாகச் சுடுவது குறையட்டும் என்று. ஆனால் அவ்வளவு பலமாக இழுக்கும் கை முழுவதும் அசையும், குழல் குறியை விட்டு நகரும். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் ஒரு கொலையாளியைப் போலீஸார் சுட்டபோது, நடைபாதையில் போன 9 பேர் போலீஸ் தோட்டாக்களாலும் அவற்றின் சிதறல்களாலும் காயப்பட்டார்கள். அந்தக் கனத்த விசைதான் காரணமா என்று பிறகு பெரிய வாக்குவாதம் நடந்தது. இலேசாக இருந்தால் ஒரு வகை வில்லங்கம், கனமாக இருந்தால் வேறு வகை. தொழில்முறைக்காரர்களே இன்னும் முடிவு கட்டாத விஷயத்தை மேலச் சித்திரை வீதியில் ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையை நான் மதிக்கிறேன்.

சரி, யார் செய்து தருவது? கைத்திறனுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. பெல் நிறுவனத்தின் பாய்லர்களுக்கு உதிரி செய்து பழகிய பட்டறைகள் அரியமங்கலம் முதல் துவாக்குடி வரை இருக்கின்றன. தலைமுடியில் பாதி கனத்துக்கு இரும்பைச் சீவச் சொன்னால், எந்தப் பாதி என்று கேட்கும் லேத்துக்காரர்கள் அங்கே உண்டு. அப்படி ஒருவரிடம் போகிறீர்கள்.

“அண்ணே, இந்த ஸ்பிரிங்க கொஞ்சம் இளக்கித் தரணும்.”

“எந்த வண்டிக்கு, தம்பி?”

“வண்டிக்கு இல்லண்ணே. ஒரு துப்பாக்கிக்கு.”

அண்ணன் ஒன்றும் பேச மாட்டார். லேத்தை நிறுத்துவார். ஷட்டரைப் பாதி இறக்குவார், நீங்கள் வெளியே நிற்கும் பாதியை.

அவர் சட்டம் படித்தவர் இல்லை, ஆனால் சரியாகத்தான் செய்கிறார். துப்பாக்கியைச் செய்வது, விற்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. நீங்கள் வாங்கி வைத்திருப்பது வைத்திருப்பதற்கான உரிமம். 5ஆம் பிரிவை மீறினால் 25ஆம் பிரிவு பேசும். 2019க்குப் பிறகு அதன் குரல் தடித்துவிட்டது: குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள். ஒரு ஸ்பிரிங்கை மாற்றுவது பழுதுபார்ப்பா, மாற்றியமைப்பா, இரண்டும் இல்லையா என்று நல்ல வக்கீல் ஒருவர் அழகாக வாதாடலாம். அவர் வாதாடி முடிக்கும் வரை நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

திருச்சி மத்திய சிறை புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. அதே ரோட்டில் விமான நிலையத்தையும் தாண்டி, நவல்பட்டுப் பக்கம் போனால் வருவதுதான் ஊரார் துப்பாக்கித் தொழிற்சாலை என்று சொல்லும் ஓ.எஃப்.டி. 1966இல் தொடங்கியது. 2021 அக்டோபரிலிருந்து கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. ராணுவத்துக்கு இன்சாஸ் ரைபிள் செய்த இடம். ஊர்ப் பெயரையே தாங்கிய திருச்சி அசால்ட் ரைபிள் செய்த இடம். ‘வித்வன்சக்’ என்று ஒரு ராட்சத ரைபிளும் அங்கே பிறந்தது, எதிரியின் வண்டியையும் பதுங்குகுழியையும் நோக்கிச் சுடுவதற்கு. விசையும் குதிரையும் எப்படிப் பொருந்த வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள், ஓய்வுபெற்ற பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், மாலையில் நடை போகிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்து உங்கள் பிஸ்டலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நலம் விசாரிப்பார், பென்ஷன் பற்றிப் பேசுவார், மழை வருமா என்று அண்ணாந்து பார்ப்பார். நாட்டின் எல்லை முழுவதற்கும் விசை செய்து அனுப்பிய ஊரில் உங்கள் ஒரு விசைக்கு ஆளில்லை. முறையான வழி ஒன்றே ஒன்று: பழுதுபார்க்கும் உரிமம் உள்ள ஆயுத வியாபாரியிடம் காகிதங்களோடு கொண்டுபோவது. அவர் வாங்கிப் பார்த்து, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, “இது இப்படித்தான் சார் இருக்கும்” என்பார். அதுதான் இந்தக் கையேட்டில் வரும் ஒரே நிபுணர் கருத்து.

இனி, கூடவே எடுத்துக்கொண்டு திரிவது எப்படி? விதிப்படி வெளியே காட்டக் கூடாது, உறையில் இருக்க வேண்டும். வேட்டி கட்டுபவருக்கு உறையை எங்கே மாட்டுவது என்பது பெரிய கேள்வி. வேட்டிக்கு மேலே கட்டும் அகலப் பச்சை பெல்ட்டில் பொடி டப்பா, ரூபாய், செல்போன் மூன்றுக்கும் இடம் உண்டு. நாலாவதாக 700 கிராம் இரும்பு ஏறினால் பெல்ட் இறங்கும், பெல்ட் இறங்கினால் வேட்டியும். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரத்தில் ஏறி காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் உங்கள் இடுப்பில் எத்தனை பேருடைய முழங்கை, டிபன் கேரியர், பூக்கூடை இடிக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கனத்த விசையை வைத்தவனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். கோயிலுக்குள் கொண்டுபோகவே முடியாது. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு கோயிலுக்குள் போக முடியாத பொருளை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைவது எதற்கு என்று வீட்டம்மா கேட்பார். அதற்கு இந்தக் கையேட்டில் பதில் இல்லை. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது வடக்கே வழக்கம், இப்போது அதற்கும் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நமக்குச் சரவெடி இருக்கிறது.

ஸ்ரீரங்கம் தீவுக்குத் துப்பாக்கி புதிதல்ல என்று சிலர் சரித்திரம் பேசுவார்கள். பேசட்டும், விஷயம் இருக்கிறது. 1752இல் பிரெஞ்சுக்காரர்களும் சந்தா சாகிபும் ஸ்ரீரங்கத்தில் அடைபட்டுக் கிடந்தார்கள். வடக்கே சமயபுரத்தில் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் முகாம் போட்டிருந்தார். ஓர் இரவு பிரெஞ்சுப் படை, ஆங்கிலப் படையிலிருந்து ஓடிவந்த வீரர்களை முன்னால் விட்டு உள்ளே நுழைந்தது. அடுத்து நடந்ததை ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். களைத்துப்போன கிளைவ் இரண்டு சார்ஜன்ட்களின் தோளில் சாய்ந்தபடி சரணடையச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓடிப்போனவர்களின் தலைவன் அவரை நோக்கிச் சுட்டான். குண்டு கிளைவை விட்டுவிட்டு, தோள் கொடுத்த இருவரையும் சாய்த்தது. அந்தக் காலத்துக் குதிரை வாயில் சக்கிமுக்கிக் கல். கல் உரசி, பொறி பறந்து, கிண்ணத்து மருந்து பற்றி, பிறகு குழலின் மருந்து பற்ற வேண்டும். விரல் இழுத்ததற்கும் குண்டு கிளம்பியதற்கும் நடுவில் ஒரு கண்ணிமைப்பு இருக்கும். குறி தப்பியதற்கு அந்த இமைப்புதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கை நடுங்கியிருக்கலாம். ஆனால் குதிரையைச் சீர்திருத்த விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

எதிர்த்தரப்புக்கும் உள்ளூரிலேயே சாட்சி உண்டு. திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்த வ.வே.சு. ஐயர் பாரிஸ்டராக லண்டன் போனார், இந்தியா ஹவுஸில் சேர்ந்தார், சட்டத்தைவிடத் துப்பாக்கியில் கூடுதலாகத் தேறினார். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் கையில் ஆயுதம் இல்லாமல் பார்த்துக்கொண்ட காலம். அவர் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி 1910இல் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்து, வாஞ்சிநாதனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்துப் பிரவுனிங் பிஸ்டல். அந்தப் பிஸ்டலின் விசையை யாராவது மெருகேற்றியதாக எங்கும் நான் படித்ததில்லை. பயிற்சி கொடுத்தது விரலுக்கு. கம்பராமாயணத்தை ஆராய்ந்தவர், ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதியவர், எந்தப் பாகத்தைத் திருத்தினால் போதும் என்று தெரிந்து வைத்திருந்தார். அந்த விரல் செய்த காரியத்தைப் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு.

விரலைத் திருத்த வேண்டுமென்றால் சுட்டுப் பழக வேண்டும். உங்கள் பாயிண்ட் 32-இல் அதுவும் இலேசில்லை. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்கு வரம்பு, வாங்கியது உரிமத்தில் ஏறும், வீட்டுக் கொல்லையில் சுட முடியாது. ரைபிள் கிளப்புக்குப் போகலாம். 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி திருச்சியில் நடந்தபோது நடிகர் அஜித்குமார் பிஸ்டல் பிரிவில் கலந்துகொண்டார், பதக்கமும் வாங்கினார். அவரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்த போலீஸ்தான் அன்றைக்கு ஊரிலேயே அதிகம் உழைத்தது. இலக்கைப் பார்த்துச் சுடுவதற்கு அமைதி வேண்டும் என்பார்கள். விசிலுக்கு நடுவே சுட்டுப் பதக்கம் வாங்கியவருக்கு இன்னொன்று சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

அங்கேதான் உங்கள் ஆசைக்கு உண்மையான விடையும் இருக்கிறது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் விசையின் பளு 500 கிராமுக்குக் குறையக் கூடாது, 25 மீட்டர் பிஸ்டலில் ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. போட்டிக்கு முன்னால் விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். பந்தய ஏர் பிஸ்டலில் விசையைக் கூட்ட, குறைக்க, நகர்த்த என்று தயாரிப்பாளர்களே திருகு வைத்துத்தான் அனுப்புகிறார்கள். கூடவே ஒரு புத்தகமும் வரும். பாயிண்ட் 177 அளவில், 20 ஜூலுக்குக் கீழ் சக்தியுள்ள ஏர் துப்பாக்கிக்கு உரிமமும் வேண்டாம். இரவெல்லாம் உட்கார்ந்து அரைத் திருகு கூட்டி, கால் திருகு குறைத்து, சொர்க்கம் காணலாம். ஆனால் இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் முகம் சுருங்கிவிடும். இடுப்பில் ஏர் பிஸ்டலைச் செருகிக்கொண்டு நடந்தால் ஒன்றுவிட்ட தம்பிகூடப் பயப்பட மாட்டான்.

ஆகவே பாயிண்ட் 32-ஐயே வைத்துக்கொள்வது என்று உறுதியாக இருப்பவர்களுக்குக் கடைசி யோசனை. அவ்வப்போது உங்கள் விசையின் பளுவை முழுவதுமாக இறக்கிவைக்கத் தேர்தல் ஆணையம் ஏற்பாடு செய்திருக்கிறது. மக்களவை, சட்டமன்றம், உள்ளாட்சி என்று ஏதாவது அறிவிப்பு வந்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து அழைப்பு வரும். வங்கிக் காவலர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கு உண்டு, வாடகை பாக்கிக்காரர் உள்ளவர்களுக்கு இல்லை. தோட்டாவைத் தனியாக எடுத்து வையுங்கள். உரிமப் புத்தகத்தை மறக்காதீர்கள். ரசீதில் துப்பாக்கியின் எண்ணைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே நின்று பாருங்கள், ஒரு 3 எட்டாகிவிட்டால் திரும்ப வாங்குவது இன்னொரு கையேடு. முடிவுகள் வெளியாகி, திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று தகவல் வந்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம். ஆட்டோவை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், வாசலில் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வரலாம்.